வடசென்னையில் மழை, குளிர்காலத்தில் மிதிவண்டி ஓட்டுவோரின் கால் பராமரிப்பு

மிதிவண்டி ஓட்டுவோரின் கால் பராமரிப்பு என்பது குளிர்ந்த அல்லது ஈரமான வேளைகளில் மிதிவண்டி ஓட்டும்போது தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் ஆகியவற்றைக் கதகதப்பாகவும் உலர்வாகவும் வைத்திருக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். குளிர்நாடுகளில் இது பெரும்பாலும் தடித்த உடைகளைப் பற்றிய செய்தியாக உள்ளது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடலோரத் தொழிற்பகுதியில் கால்களைக் குளிரச் செய்பவை முதன்மையாக ஈரமும் காற்றுமே. எனவே இப்பகுதியில் கால் பராமரிப்பின் முதல் விதி, கால்களை நனையாமல் காப்பதும், நனைந்தால் விரைவில் உலர்த்துவதும் ஆகும். உடையின் தடிமன் அதற்கு அடுத்த இடத்திலேயே வருகிறது.

பகுதியும் மிதிவண்டியும்

சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எண்ணூரில் 2001-இல் செயல்படத் தொடங்கிய காமராசர் துறைமுகம், மணலியின் எண்ணெய் மற்றும் வேதிப்பொருள் ஆலைகள், அனல் மின் நிலையங்கள் ஆகியவை ஒரே கடலோரப் பட்டையில் அமைந்துள்ளன. எண்ணூரில் அசோக் லேலண்டு ஆலை நெடுங்காலமாக இயங்கி வருகிறது. எம்.ஆர்.எப். நிறுவனம் 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது. இப்பகுதியின் தொழிலாளர்கள் பலர் நெடுங்காலமாக மிதிவண்டியில் வேலைக்குச் சென்று வந்தவர்கள். இன்று மோட்டார் வாகனங்கள் பெருகியுள்ள போதிலும், ஒப்பந்தத் தொழிலாளர்கள், காவலாளிகள், மீன் விற்போர், பால் மற்றும் செய்தித்தாள் போடுவோர், அரசின் விலையில்லா மிதிவண்டி பெற்ற மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆகியோர் மிதிவண்டியைப் பயன்படுத்துகின்றனர்.

இவர்களில் பலர் சாலையில் இருக்கும் நேரம் விடியற்காலை. காலை 6 மணி ஷிப்டுக்குச் செல்பவர் 5 மணியளவில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். காசிமேட்டில் மீன் எடுக்க வருபவர் அதற்கும் முன்னரே வந்துவிடுவார். ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் பதிவாகிறது.

காலநிலை

சென்னையின் ஆண்டு மழைப்பொழிவு சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் உள்ளது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. டிசம்பர், சனவரி மாதங்களில் விடியற்கால வெப்பநிலை வழக்கமாக 20 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 பாகைதான்.

அதாவது இப்பகுதியின் குளிர், உலர்ந்த காலுக்குத் தாங்கக்கூடிய குளிரே. எனினும் மழை பெய்து ஓய்ந்த மார்கழி விடியலில் நனைந்த பேண்டுடன் எதிர்காற்றில் ஓட்டுபவரின் கால்கள் விறைப்பதும், வேலையிடத்தில் இறங்கியபின் முழங்கால் மடங்க மறுப்பதும் பலர் அறிந்த அனுபவம். இதற்கான காரணம் வெப்பமானி காட்டும் எண்ணில் அடங்காது.

கால்கள் குளிர்வது எவ்வாறு

மிதிவண்டி ஓட்டும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான பங்கே பெடலைச் சென்றடைகிறது. மீதி வெப்பமாக மாறுகிறது. நிதானமாக ஓட்டுபவரின் உடலும் ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் உடலைவிட இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உண்டாக்கும். எனவே ஓட்டிக்கொண்டிருக்கும் தொடைத் தசைகள் தாமாகவே சூடாகிவிடும். தோலுக்கு அருகில் எலும்பும் தசைநாணும் மட்டுமே உள்ள முழங்கால், கணுக்கால், கால்விரல்கள் ஆகிய இடங்களில்தான் குளிர் முதலில் உணரப்படுகிறது.

வெப்ப இழப்பை மூன்று காரணிகள் கூட்டுகின்றன.

முதலாவது, காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மீது, காற்றே வீசாத நாளிலும், அதே வேகத்தில் காற்று மோதும். எதிர்த்திசையில் மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று வீசினால் மோதும் வேகம் 30 ஆகும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் செல்லும் கடலோரச் சாலை பெரும்பாலும் வடக்கு நோக்கிச் செல்வது. ஆகவே வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் எண்ணூர் நோக்கிச் செல்பவருக்கு எதிர்காற்றும், திரும்புபவருக்குப் பின்காற்றும் அமையும். ஒரே நாளில் ஒரே உடையில் போகும்போது குளிர்வதும் வரும்போது வியர்ப்பதும் இதனால்தான்.

இரண்டாவது, நீர் ஆவியாதல். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. நனைந்த பேண்டிலிருந்து 100 மில்லிலிட்டர் நீர் மட்டும் உலர்வதற்கு 240 கிலோஜூல் வேண்டும். ஓய்வில் உள்ள ஒருவரின் உடல் ஏறக்குறைய 40 நிமிடங்களில் வெளியிடும் வெப்பத்திற்கு இது சமம். இதில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள காற்று தரும், மற்றொரு பகுதி கால்களிலிருந்தே எடுக்கப்படும்.

மூன்றாவது, கடத்தல். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கிடையே தங்கியுள்ள காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் துணி எவ்வளவு தடித்திருந்தாலும் பயனில்லை.

தசைகளும் முழங்காலும்

தசையின் வெப்பநிலை ஒரு பாகை குறைந்தாலே அது தரக்கூடிய உச்ச ஆற்றலில் சில விழுக்காடு குறையும். குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கி விரியும். மூட்டுகளில் உள்ள உயவு நீர்மமும் குளிரில் சற்றுக் கெட்டிப்படும். கிளம்பிய முதல் பத்து நிமிடங்களில் கால் கனமாகத் தோன்றுவதற்கு இவை காரணமாகின்றன. அந்த நேரத்தில் நின்றுகொண்டு அழுத்தி மிதிப்பதும், கியர் வண்டியில் கடினமான கியரில் ஓட்டுவதும் முழங்காலுக்குச் சுமையாகும். மெதுவாக, இலகுவாகச் சுழற்றி மிதித்து உடலைச் சூடேற்றிய பிறகு வேகத்தைக் கூட்டுவது நல்லது.

மிதிவண்டி ஓட்டப் பயிற்சியாளர்களிடையே, வெப்பநிலை சுமார் 18 பாகைக்குக் கீழே சென்றால் முழங்கால்களை மூட வேண்டும் என்ற வழக்கம் உண்டு. சென்னையின் மார்கழி விடியல் இந்த வரம்புக்குச் சற்று மேலேயே உள்ளது. உலர்ந்த நாளில் முழங்காலை மறைக்கும் சாதாரண உடையே போதும். ஈரமும் எதிர்காற்றும் சேரும்போதுதான் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுகிறது.

முழங்கால் வலி அனைத்தையும் பனியின் மீது போடுவது தவறாகும். சீட் மிகத் தாழ்வாக இருப்பதும் ஒரு முக்கியக் காரணம். கால் ஊன்றுவதற்கு வசதியாக சீட்டைத் தாழ்த்தி ஓட்டும்போது முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி, முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் கூடுகிறது. சீட்டில் அமர்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்படியானால் வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கி நிற்கும். இதுவே எளிய அளவு முறை. குளிர்காலம் முடிந்த பின்னரும் தொடரும் வலிக்கு முதலில் சீட்டின் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

உடையும் துணியும்

துணிகள் ஈரத்தை ஏற்கும் தன்மையில் வேறுபடுகின்றன. இயல்பான நிலையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடும், கம்பளி 16 விழுக்காடும், பாலியெஸ்டர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவும் ஈரத்தைத் தம் இழைக்குள் ஏற்றுக்கொள்ளும். மழையில் நனையும்போது இவ்வேறுபாடு பெரிதாகத் தெரியும். ஜீன்ஸ் போன்ற தடித்த பருத்தித் துணி பெருமளவு நீரைப் பிடித்துக்கொண்டு, கனத்து, காலோடு ஒட்டி, மணிக்கணக்கில் உலராமல் இருக்கும். மெல்லிய பாலியெஸ்டர் டிராக் பேண்ட் நனைந்தாலும் ஓட்டத்திலேயே பெருமளவு உலர்ந்துவிடும். விலை குறைந்த டிராக் பேண்ட், மழைநாளில் விலை கூடிய ஜீன்சைவிடக் கதகதப்பாக இருப்பது இதனால்தான்.

லுங்கியைத் தொடைவரை மடித்துக் கட்டி ஓட்டுவது மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் வழக்கமான காட்சி. மழையில் இதற்கு ஒரு நன்மை உண்டு. நனைந்த வெறுங்காலைத் துடைத்தால் உடனே உலர்ந்துவிடும். நனைந்த துணி அப்படி உலராது. மழை விட்ட பிறகு வீசும் காற்றிலோ முழங்கால் மூடப்படாமல் இருப்பது குறையாகிறது. மேலும், அவிழ்ந்து தொங்கும் துணி செயினிலோ சக்கரத்திலோ சிக்கும் ஆபத்தும் உள்ளது.

மழைக்கோட்டின் பேண்ட் வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கும். ஆனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் துணிக்குள் வியர்வை தங்குவதால், அரைமணி நேரம் ஓட்டியவரின் கால் உள்ளிருந்தே நனைந்துவிடும். தூறலில் அதை அணியாமல், கனமழையில் மட்டும் அணிந்து, மழை நின்றதும் கழற்றிவிடுவது பயன் தரும். தோளிலிருந்து ஹேண்டில்பார் வரை விரியும் மேலங்கி வகை மழை உடை, கீழே திறந்திருப்பதால் காற்றோட்டம் தரும். எதிர்காற்றில் அது பாய்மரம்போல் இழுக்கும் என்பதால் கனரக வண்டிகள் செல்லும் சாலைக்கு ஏற்றதல்ல.

பாதங்களுக்கு, நீர் வழிந்தோடும் பட்டை வைத்த பிளாஸ்டிக் அல்லது ரப்பர் செருப்பு மழைநாளில் பொருத்தமானது. கேன்வாஸ் ஷூ நீரைத் தேக்கிவைக்கும். கம்பூட் மேலிருந்து நீர் புகுந்தால் வெளியேற்ற வழியில்லை. ஆலைக்குள் பாதுகாப்பு ஷூ கட்டாயம் எனில், அதையும் உலர்ந்த சாக்ஸையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கேரியரில் கொண்டுசென்று, அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

வண்டியில் செய்யக்கூடியவை

மழை நின்ற பிறகும் காலை நனைப்பது சாலை நீரே. முன்சக்கரம் எறியும் நீர் பாதத்திலும் கெண்டைக்காலிலும் விழும். பின்சக்கரம் எறிவது முதுகில் விழும். பழைய கறுப்பு ரோட்ஸ்டர் வகை வண்டிகளில் நீண்ட மட்கார்டும் செயினை முழுதாக மூடும் கவரும் இருந்தன. மட்கார்டு இல்லாமலும் அகன்ற டயர்களுடனும் விற்கப்படும் வண்டிகள் தோற்றத்தில் மிடுக்காக இருந்தாலும் மழைநாளில் ஓட்டுபவரை நனைத்துவிடும். மட்கார்டு பொருத்துவதும், முன் மட்கார்டின் கீழ்முனையில் தரையிலிருந்து சில அங்குல உயரம் வரை தொங்கும் ரப்பர் துண்டைச் சேர்ப்பதும் பாதங்களை உலர்வாக வைக்கும் மலிவான வழிகளாகும். பழைய டியூபை வெட்டியே இத்துண்டைச் செய்துகொள்ளலாம்.

மீன் பெட்டியைக் கேரியரில் ஏற்றிச் செல்பவர்களுக்கு மற்றொரு சிக்கல் உண்டு. உருகும் ஐஸ் நீர் வழிந்து குதிகாலை நனைக்கும். பெட்டிக்கு அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்து, அதன் விளிம்பைப் பின்புறமாகச் சாய்த்துவிட்டால் நீர் வண்டிக்குப் பின்னால் வடியும்.

பேண்டின் கீழ்முனையைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டை இரு வேலைகளைச் செய்கிறது. துணி செயினில் சிக்காமலும், காற்று உள்ளே புகாமலும் அது தடுக்கும். ஒளி எதிரொளிக்கும் பட்டையாக இருந்தால் மூன்றாவது பயனும் கிடைக்கும். மேலும் கீழுமாக அசையும் கணுக்கால் ஒளியை, முதுகில் நிலையாக இருக்கும் ஒளியைவிட எளிதாக ஒரு மனிதரின் அசைவு என்று பின்னால் வரும் ஓட்டுநர் அடையாளம் காண்கிறார். துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் நிறைந்த எண்ணூர் சாலையில், விடியாத நேரத்தில், இது உயிர்காக்கும் செலவாகும்.

வெள்ளநீரும் எண்ணெயும்

இப்பகுதியில் கால் நனைவது, தூய மழைநீரில் நனைவது மட்டுமன்று. தேங்கும் நீரில் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலப்பதுண்டு. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலை ஒட்டிய பெருமழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளநீரில் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தை அடைந்தது. எர்ணாவூர் உள்ளிட்ட பகுதிகளில் வீட்டுச் சுவர்களிலும் மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் படிந்தது. அதற்கு முன்னர் 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் கசிந்து கரை ஒதுங்கியது.

எண்ணெய் கலந்த நீரில் இறங்கிய கால்களை உலர்ந்த துணியால் முதலில் துடைத்து எடுத்த பின்னரே சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்ட கறையைத் தேங்காய் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் தடவி இளக்கலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவை தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையை அகற்றி, எரிச்சலையும் கொப்புளங்களையும் உண்டாக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் படிந்த துணியைத் துவைக்காமல் மீண்டும் அணிவது தோல் அழற்சிக்கு வழிவகுக்கும். பெடலிலும் பிரேக்கிலும் எண்ணெய் படிந்திருந்தால் அவற்றையும் துடைத்த பின்னரே வண்டியை எடுக்க வேண்டும்.

சாலை கண்ணுக்குத் தெரியாத அளவு நீர் தேங்கிய இடங்களில் ஓட்டிச் செல்வது ஆபத்தானது. மூடியில்லாத வடிகால் குழிகளும் கம்பிகளும் நீருக்கடியில் மறைந்திருக்கும். மாற்றுவழி தேடுவதே முறை.

தோல் நோய்களும் எலிக்காய்ச்சலும்

நாள் முழுதும் ஈரமாக இருக்கும் கால்விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து, ஊறி, வெடிப்பது சேற்றுப்புண் எனப்படும். பூஞ்சைத் தொற்று இதில் எளிதாகச் சேரும். ஈரத்துணி உராயும் தொடை இடுக்குகளில் படர்தாமரை தோன்றும். விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துவது, ஈரமான உள்ளாடையை உடனே மாற்றுவது ஆகியவையே முதன்மைத் தடுப்பு.

எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து பரவும் எலிக்காய்ச்சல் இதைவிடக் கடுமையானது. இதன் கிருமிகள் வெடிப்பு, சிராய்ப்பு, ஊறிய தோல் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, கண் சிவத்தல், உடல்வலி ஆகியவை தோன்றும். கெண்டைக்கால் தசையில் கடுமையான வலி இந்நோயின் குறிப்பிடத்தக்க அறிகுறியாகும். மிதிவண்டி ஓட்டுபவர் இவ்வலியை ஓட்டிய களைப்பு என்றோ குளிர் பிடித்துக்கொண்டது என்றோ எண்ணிவிட வாய்ப்புள்ளது. உழைப்பினால் வரும் தசைவலி காய்ச்சலோடு வராது, ஓரிரு நாட்களில் குறையும். வெள்ளநீரில் இறங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், வெள்ளநீரில் இறங்கியதைக் குறிப்பிட்டு மருத்துவரை அணுக வேண்டும். தொடக்கத்திலேயே அளிக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நல்ல பலன் தரும். இராயபுரத்தை ஒட்டிய அரசு ஸ்டான்லி மருத்துவமனையும் தண்டையார்பேட்டை அரசுத் தொற்றுநோய் மருத்துவமனையும் இப்பகுதி மக்களுக்கு அருகில் உள்ளவை.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் செருப்பின் உராய்வோ நீருக்கடியில் குத்திய ஆணியோ அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அவர்கள் ஒவ்வொரு மழைநாள் பயணத்திற்குப் பின்பும் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். விறைத்த கால்களைச் சூடேற்றக் கொதிநீரில் வைப்பதும், லாரி எஞ்சின் அருகிலோ நெருப்பிலோ காட்டுவதும் அவர்களுக்குச் சுட்டுப் புண்ணை உண்டாக்கிவிடும்.

வந்து சேர்ந்த பின்

ஓட்டம் நின்றதும் தசைகளின் வெப்ப உற்பத்தி குறைகிறது. ஆனால் துணியிலுள்ள நீர் தொடர்ந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே கால்கள் மிகுதியாகக் குளிர்வது ஓட்டும்போதன்று, இறங்கிய பிறகு ஈர உடையில் நிற்கும்போதே. காவல் பணியில் உட்கார்ந்திருப்பவரும், குளிரூட்டிய வகுப்பிலோ அலுவலகத்திலோ அமர்பவரும் இதை மிகுதியாக உணர்வர். சேர்ந்தவுடன் கால்களைத் துடைத்து, உலர்ந்த பேண்டும் சாக்ஸும் அணிந்துகொள்வது எந்தத் தடித்த உடையையும்விடப் பயனுள்ளது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒருமுறை தாளை மாற்றினால் ஷிப்டு முடிவதற்குள் பெருமளவு உலர்ந்துவிடும்.

நீலகிரியுடன் ஒப்பீடு

உண்மையான குளிரில் மிதிவண்டி ஓட்டுவதற்குத் தமிழ்நாட்டில் நீலகிரி சிறந்த எடுத்துக்காட்டு. 2,200 மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ள உதகையில் சனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதுண்டு. 2008 முதல் நடத்தப்பட்டு வரும் நீலகிரி மிதிவண்டிப் பயணத்தில் பங்கேற்போர், தொடையிலிருந்து கணுக்கால் வரை மூடும், வேண்டும்போது கழற்றக்கூடிய கால் உறைகளைப் பயன்படுத்துகின்றனர். மலை ஏறும்போது உடல் சூடாகி வியர்க்கும். இறங்கும்போது கால்கள் வேலை செய்யாமல் இருக்க, காற்று மட்டும் வேகமாக மோதும். எனவே உறைகளை இறக்கம் தொடங்குமுன் அணிவது வழக்கம்.

வடசென்னையின் சமவெளியில் அத்தகைய உறைகளுக்கு அரிதாகவே தேவை ஏற்படும். இருந்தாலும் அதன் அடிப்படை இங்கும் பொருந்தும். உழைக்கும் கால் தானே சூடாகிக்கொள்ளும், உழைப்பு நிற்கும் நேரத்தில்தான் அதற்குப் பாதுகாப்பு வேண்டும். மலையில் இறங்குபவருக்கு அது கால் உறை. ஆலை வாயிலில் இறங்குபவருக்கு, கேரியரில் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் ஒரு துண்டும் ஒரு சோடி உலர்ந்த உடையும்.